எரிமலையில் தொண்ணூற்றாறு படிகள்

2023ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பல்கனி வெப்பமானியில் பதினொரு பாகை. வானத்தில் பாதி மேகம், பாதி நீலம். காற்று இல்லை, எதிர்வீட்டுக் கொடி அசையாமல் தொங்கியது. மழைக்கு நூற்றுக்கு இருபது வாய்ப்பு என்று வானொலி சொன்னது. இரண்டு குடைகளை எடுத்து வாசலில் வைத்தேன். எங்களைக் கூட்டிப்போக வரும் வழிகாட்டியிடம் குடை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது, மூன்றாவதையும் எடுத்தேன்.

இரவு நான்கு மணித்தியாலம்தான் நித்திரை. காரணம் எரிமலை.

எழுபத்து நான்கு வயதில் முதல் தடவையாக எரிமலை பார்க்கப் போகிறேன். யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்த நாட்களில் எரிமலையின் குறுக்குவெட்டை எத்தனை தடவை வரைந்தேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கு இல்லை. குழம்புக்குச் சிவப்புப் பென்சில், சாம்பலுக்குக் கறுப்பு, நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய். பிறகு ஜெர்மனிக்கு வந்து, வுப்பர்த்தாலில் ஒரு கருவித் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் இருபத்தொன்பது வருடம் துளையிடும் அலகுகளை எண்ணினேன். அந்த இருபத்தொன்பது வருடமும், எங்கள் வீட்டிலிருந்து நூற்றைம்பது கிலோமீற்றர் தூரத்தில், ஐஃபெல் என்ற எரிமலைப் பிரதேசம் இருந்திருக்கிறது. பெயர் தெரியாதது அல்ல. தண்ணீர்ப் போத்தலின் ஒட்டுத்தாளில் வாசித்திருக்கிறேன். சனிக்கிழமை மேலதிக வேலை, ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவரின் பிறந்தநாள் அல்லது கல்யாணம். போகவில்லை.

இந்த முறை தனி வழிகாட்டி பிடித்தேன். அதற்குக் காரணம் என் மனைவியின் வலது முழங்கால். பதினான்கு மாதங்களுக்கு முன் அதை மாற்றிச் செயற்கை மூட்டு வைத்தார்கள். அதன் பிறகு எங்கள் மூத்தோர் வட்டத்துடன் ஒரு தடவை பேருந்துச் சுற்றுலா போனோம். நாற்பத்தாறு பேர், அவளுக்காக இருபது நிமிடம், பேருந்துக்குள் காத்திருந்தார்கள். ஒருவர் உள்ளிருந்து கண்ணாடியில் தட்டினார். அன்றிலிருந்து அவள் ஒரு கூட்டத்துடனும் வருவதில்லை. பதினான்கு மாதத்தில் வீட்டை விட்டு வெளியே போனது முப்பத்தொரு தடவை. அதில் இருபத்தாறு வைத்தியரிடம்.

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் இல்லை. ஐம்பத்தெட்டுப் படிகள். நவம்பர் மாதம் இருபத்துமூன்றாம் படிக்கும் இருபத்துநான்காம் படிக்கும் இடையில் ஒரு தடவை சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை. ஆனால் செய்தி கார்ல்ஸ்ரூஹேயில் வேலை செய்யும் மகனுக்குப் போய்விட்டது. செய்தி அனுப்பியது நான்தான். அவன் தன் வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்துவிட்டான். அந்த வீட்டு உரிமையாளருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நாங்கள் எரிமலைக்குப் போனதற்கு மறுநாள் அது.

மனைவிக்குப் போக விருப்பமில்லை. எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் ஆற்றுக்கு மேலே தொங்கு ரயில் போவது தெரியும். இரண்டாம் மாடித் துருக்கிக்காரிக்கும் அவளுக்கும் முப்பது வருடமாகப் பாத்திரங்கள் மேலும் கீழும் போய்வருகின்றன. ஒரு பாத்திரமும் வெறுமையாகத் திரும்பியதில்லை.

"கார்ல்ஸ்ரூஹேயில நான் ஆரோட கதைக்கிறது? மகனும் மருமகளும் ஏழு மணிக்குப் போனால் இருட்டினாப் பிறகுதான் வருவினம். நான் சுவரோடையோ கதைக்கிறது?" என்று கேட்டாள்.

புதன்கிழமை சோறு போடும்போது அவளே ஒரு உடன்படிக்கையைக் கொண்டுவந்தாள்.

"உங்கட எரிமலைக்கு நானும் வாறன். அங்க எங்கயாவது ஒரு படிக்கட்டு இருக்கும்தானே. எங்கட வீட்டுப் படியை விட ஒண்டாவது கூட ஏறிக் காட்டுறன். ஏறினால் வீடு வேண்டாம் எண்டு மகனுக்கு நீங்கள்தான் ரெலிபோன் எடுத்துச் சொல்ல வேணும். ஏறாட்டி நான் வாய் திறக்கன். சாமான் கட்டுவம்."

"ஒருத்தரும் பிடிச்சுத் தூக்கக் கூடாது. தூக்கினால் அந்தப் படி கணக்கில்லை" என்றேன்.

"சரி, கணக்கப்பிள்ளை."

நான் கார்ல்ஸ்ரூஹேயை விரும்பினேன் என்று சொல்ல முடியாது. அவள் விழக் கூடாது, அவ்வளவுதான். அவள் படியில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் நான் ஒரு படி முன்னால், கையை அரைவாசி நீட்டியபடி, பின்பக்கமாக இறங்குவேன். விழுந்தால் இருவரும் சேர்ந்துதான் விழுவோம் என்பது எனக்குத் தெரியும்.

அன்று காலையும் அப்படித்தான். எங்கள் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடி இடப்பக்கம். அவள் உடம்பைத் திருப்பி, இரண்டு கையாலும் அதைப் பிடித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினாள். நான் எண்ணினேன். ஐம்பத்தெட்டுப் படி, ஆறு நிமிடம் இருபது செக்கன்.

கீழே வழிகாட்டி வெள்ளை நிறச் சிறிய வாகனத்துடன் நின்றார். முப்பத்தாறு வயதுப் பெண். பக்கத்து நகரமான ஹாகனில் வளர்ந்தவர், பெற்றோர் பருத்தித்துறைப் பக்கம். நிலவியல் படித்தவர். வாரநாளில் மண் பரிசோதிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமைகளில் ஐஃபெலைச் சுற்றிக் காட்டுகிறார். தமிழிலும் விளக்கம் உண்டு என்று எழுதிய அவருடைய விளம்பரத் துண்டைத் தமிழ்க் கடையில், அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒட்டியிருக்கக் கண்டு இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

"அன்ரி, பை நல்ல பாரமா இருக்கு. என்ன கொண்டுவாறீங்கள்?" என்று கேட்டார்.

"பெரிசா ஒண்டுமில்லைப் பிள்ளை. புட்டு, கத்தரிக்காய்ப் பொரியல், பத்து மிதிவெடி."

மிதிவெடி என்பது எங்கள் ஊர்க் கடைகளில் விற்கும், உள்ளே முட்டையும் இறைச்சியும் வைத்துப் பொரித்த பெரிய ரோல்ஸ்.

"எரிமலைக்கு மிதிவெடியோட வாற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார் அவர். என் கொப்பியைக் கண்டதும், "அங்கிள், அது என்ன?" என்றார்.

"கேள்விகள். பதினேழு."

"ஒரு மணித்தியாலத்துக்கு ரெண்டு எண்டு கேளுங்கோ. அப்ப பின்னேரம் வரைக்கும் காணும்."

அதிவேகப் பாதையில் கொலோனைத் தாண்டும் வரையில்தான் நான் பொறுத்தேன். முதலாவது கேள்வியைக் கேட்டேன்: இந்த எரிமலைகள் செத்துவிட்டனவா, இருக்கின்றனவா?

"கடைசியா வெடிச்சுப் பத்தாயிரம் வருசத்துக்கும் மேல. ஆனால் செத்ததெண்டு சொல்ல ஏலாது அங்கிள். கீழ இருந்து இன்னும் காத்து வருது. அதை நான் வாயால சொல்ல மாட்டன். காட்டுறன்."

பின் ஆசனத்திலிருந்து மனைவி சொன்னாள்: "படிக்கட்டும் ஒண்டு காட்டும் பிள்ளை. ஐம்பத்தொன்பது படி எண்டாலும் இருக்க வேணும்."

உடன்படிக்கையை அவள் விளக்கமாகச் சொன்னாள். வழிகாட்டி கண்ணாடியில் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு கோபுரம் இருக்கு. கடைசியாப் போவம்" என்றார்.

முதலில் போனது ஒரு மார் ஏரிக்கு. மார் என்பது இந்தப் பக்கத்துச் சொல். மேலே ஏறி வந்த குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டதும் நீர் ஆவியாகி வெடித்து, நிலத்தில் ஒரு பெரிய வட்டக் குழியைத் தோண்டிவிடும். பிறகு குழியில் நீர் நிறையும். என் பாடப்புத்தகத்தில் எரிமலை என்றால் கூம்பு. இங்கே எரிமலை ஒரு பள்ளமாகக் கிடந்தது. அதற்குள் கரும்பச்சைத் தண்ணீர், மேலே இரண்டு வாத்துகள். கரையில் நின்று நான் மூன்று தடவை சுற்றிப் பார்த்தேன். இவ்வளவு வட்டமாக இயற்கை ஒன்றைச் செய்யுமா? கவராயம் வைத்துக் கீறியது போல இருந்தது. நின்றபடியே அவசரமாகக் குறித்தேன். கொப்பியில் எழுதிய எழுத்தை நானே பிறகு வாசிக்கக் கஷ்டப்பட்டேன்.

கரைப்பாதை சமதரை. மனைவி தடியுடன் நானூற்றுப் பன்னிரண்டு அடி நடந்து ஒரு வாங்கில் உட்கார்ந்தாள். நான் தனியே மேலும் இருநூறு அடி போய், ஓடாத குறையாகத் திரும்பி வந்தேன்.

"அங்க என்ன?" என்றாள்.

"இதேதான். ஆனால் மற்றப் பக்கத்தால."

அடுத்தது காட்டு ஓரத்தில் ஓர் ஊற்று. இந்த ஊர் ஆட்கள் அதை ட்ரேஸ் என்கிறார்கள். கல்தொட்டிக்குள் ஒரு குழாயால் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டு விழுந்தது. கடையில் வாங்கும் சோடாத் தண்ணீர் மாதிரி, ஆனால் நிலத்துக்குள்ளிருந்து தானாகவே வருகிறது. தொட்டி முழுவதும் செங்கல் நிறம். ஒரு கோப்பை குடித்தேன். துருப்பிடித்த ஆணியைச் சூப்பியது போன்ற ருசி.

"இதுதான் அங்கிள் காத்து. எரிமலையின்ர மூச்சு" என்று வழிகாட்டி சொல்லிவிட்டு, வாகனத்தை நிழலில் விடப் போனார்.

அந்த நேரத்தில் மனைவி தேநீருக்கு ஆயத்தம் செய்தாள். அவள் வெளியே எங்கே போனாலும் சிறிய காஸ் அடுப்பு, கேத்தல், தேயிலை, சீனி எல்லாம் உடன் வரும். தண்ணீர்க் கானைக் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரை லீற்றர் என்று அளந்து நிரப்பிய கானை வாசலிலேயே விட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலிருந்த மூன்று குடைகளையும் கொண்டு வந்திருந்தேன்.

"எண்ணித்தானே கொண்டு வந்தனீங்கள்?"

"குடையை எண்ணினனான்."

"இஞ்ச இவ்வளவு தண்ணி சும்மா ஓடுது. மலைத் தண்ணி. காசு குடுத்தாலும் கிடையாது" என்று கேத்தலை ஊற்றில் பிடித்தாள். காட்டில் நெருப்பு மூட்டத் தடை என்று ஒரு பலகை இருந்தது. அடுப்பைக் காட்டிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி வைத்தால் போதும் என்று அதில் இல்லை. வாகனம் நிறுத்தும் இடத்தின் நடுவில், சரளைக் கல்லில், நாற்பது அடி தள்ளி வைப்பித்தேன்.

தண்ணீர் கொதித்தது. பிளாஸ்க்கில் தேயிலை போட்டு, சீனி போட்டு, ஊற்றி மூடினாள். ஐந்து நிமிடம் கழித்து மூன்று கோப்பைகளில் வார்த்தாள். வந்தது தேநீர் அல்ல. கத்தரிப்பூ நிறம் கலந்த கறுப்பு. பள்ளிக்கூடத்தில் மைக்கூட்டுக்குள் ஊற்றுவோமே, அது.

நாங்கள் இருவரும் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"நஞ்சோப்பா?" என்றாள் மெதுவாக.

திரும்பி வந்த வழிகாட்டி கோப்பையைப் பார்த்து அப்படியே சரளைக் கல்லில் குந்திவிட்டார். சிரித்து முடிய நேரம் எடுத்தது. "அன்ரி, இந்தத் தண்ணியில நல்லா இரும்பு இருக்கு. தேயிலையில இருக்கிற சாயம் இரும்போட சேர்ந்தால் மை. முந்தி மை செய்ததும் இப்பிடித்தான். நான் இஞ்ச எவ்வளவு ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன். ஊத்துத் தண்ணியில பிளேன்ரீ போட்டது நீங்கள்தான்."

"அந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி தேவையில்லைப் போல" என்றாள் மனைவி.

நான் ஒரு குச்சியைக் கோப்பையில் தோய்த்து, கொப்பியில் அன்றைய திகதியை எழுதினேன். தெளிவாக எழுதியது. அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. எரிமலையின் மையால், எழுபத்து நான்கு வயதில், நான் என் கையால் எழுதிய திகதி அது. பதினெட்டாவது கேள்வியாக மையைச் சேர்த்துக்கொண்டேன். புட்டைத் தண்ணீர் இல்லாமல் சாப்பிட்டோம். விக்கல் வந்தது, எனக்கு ஒன்பது தடவை.

பிறகு ஒரு கிராமத்தின் நடுவில் உள்ள குதிக்கும் ஊற்றுக்குப் போனோம். சாதாரண வீடுகள், ஒரு தேவாலயம், இடையில் கல் கட்டிய வட்டக் கிணறு. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, கொஞ்சம் முந்தியோ பிந்தியோ, தண்ணீர் மேலே பாயும் என்று வழிகாட்டி சொன்னார். கொஞ்சம் முந்தியோ பிந்தியோ என்பது எனக்குப் பிடிக்காத அளவு. போன தடவை பாய்ந்து முடிந்த ஈரம் கல்லில் காயவில்லை. கைக்கடிகாரத்தின் செக்கன் முள்ளைத் தட்டிவிட்டேன்.

பத்து நிமிடம். ஒன்றுமில்லை. இருபது நிமிடம். அழுகின முட்டை மணம். முப்பது நிமிடம் ஆயிற்று. இன்று வராதோ, நாங்கள் வந்த அன்று மட்டும் நின்றுவிட்டதோ என்று நான் கிணற்றை நான்கு தடவை சுற்றினேன்.

"இருங்கோப்பா. நீங்கள் சுத்திறதைப் பாத்து அது பயந்துபோய் உள்ளுக்க நிக்குது" என்றாள்.

முப்பத்துமூன்றாவது நிமிடம் தண்ணீரின் நிறம் மாறியது. சாம்பல் கலந்த நீலமாகியது. அடியில் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். மேற்பரப்பு வீங்கியது, பொங்கியது, பிறகு ஒரேயடியாக ஆள் உயரத்துக்கும் மேலே எழுந்து நுரைத்து விழுந்தது. எழுந்தது, விழுந்தது, மறுபடியும் எழுந்தது. என் கண்ணாடியில் துளிகள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு வழிகாட்டி சொன்னார், எனக்குத் தெரியாது. வகுப்பில் சிவப்புப் பென்சிலால் கீறிய குழாய்க்குள் உண்மையாகவே ஏதோ ஏறி வருகிறது என்று ஐம்பது வருடம் கழித்து நம்பினேன்.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "உங்கட எரிமலைக்கு நல்ல வாய்வுத் தொல்லை. ஓமம் அவிச்சுக் குடுத்தால் நிண்டிடும்" என்றாள்.

எவ்வளவு நேரம் பாய்ந்தது என்று என்னிடம் கணக்கு இல்லை. கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். வாகனத்துக்குள் ஏறி இருந்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது.

கோபுரத்துக்குப் போகும்போது மூன்று மணி ஐம்பது. ஒரு பழைய எரிமலைக் கூம்பின் உச்சியில் மரத்தால் கட்டிய பார்வைக் கோபுரம். வாகனத்திலிருந்து மெல்லிய ஏற்றமான காட்டுப்பாதை. என் அடியில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. அவள் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து ஆறி வந்தாள். முகம் வியர்த்திருந்தது. கோபுரத்தின் அடியில் நின்று நான் வளைவுகளை எண்ணினேன். எட்டு. ஒரு வளைவுக்குப் பன்னிரண்டு படி. தொண்ணூற்றாறு.

"இது கூடப் போச்சு. அஞ்சாவது வளைவோட நிண்டால் காணும். அறுபது. அதுக்கு மேல தேவையில்லை" என்றேன்.

"தடியைப் பிடியுங்கோ" என்று தந்துவிட்டு ஏறத் தொடங்கினாள்.

அவள் முதலில், இரண்டு படி பின்னால் வழிகாட்டி, அவருக்குப் பின்னால் நான். படிகள் ஒடுக்கமானவை. இரண்டு பக்கமும் வழுவழுப்பான மரக் கைப்பிடி. அவள் இடக்கையால் ஒன்றையும் வலக்கையால் மற்றதையும் பிடித்து, உடம்பைத் திருப்பாமல், நேராக ஏறினாள். அவள் நேராகப் படி ஏறுவதைப் பதினான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். ஆனால் அதைக் கவனித்ததாக நினைவில்லை. எண்ணுவதில் இருந்தேன்.

முப்பத்தேழாவது படியில் நான் கீழே பார்த்தேன். படிகளுக்கு இடையில் பலகை இல்லை, வெறும் இடைவெளி. அதனூடாகக் காட்டின் உச்சிகள் தெரிந்தன. மரங்கள் என் காலுக்குக் கீழே அசைந்தன. இடக்கையால் கைப்பிடியைக் கட்டிப் பிடித்தேன். தடி படியில் தட்டி, கைவிட்டுப் போய், கீழே விழுந்தது. எவ்வளவு நேரம் விழுந்தது என்று நான் எண்ணவில்லை.

"அங்கிள்?" என்றார் வழிகாட்டி.

"நீங்கள் போங்கோ. நான் பின்னால வாறன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. நாற்பத்தெட்டு வருடம் ஒன்றாக இருந்தால் இதெல்லாம் விளங்கும். திரும்பி ஏறினாள். அவளிடமிருந்து ஒரு புதுச் சத்தம் கேட்டது. அவள் எண்ணினாள். சந்தையில் தேங்காய் எண்ணும்போதுகூட என்னைத்தான் எண்ண விடுவாள்.

"ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு."

நின்றாள். நான் கைப்பிடியைக் கட்டிப் பிடித்தபடி மேலே பார்த்தேன். அவளுடைய சப்பாத்தின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. மூச்சு வாங்கும் சத்தம். பத்து மூச்சு. அவள் நின்றுவிட வேண்டும் என்று நினைத்தேனா, ஏற வேண்டும் என்று நினைத்தேனா? அந்தப் பத்து மூச்சில் இரண்டையும் மாறி மாறி நினைத்தேன். பிறகு சப்பாத்து ஒன்று மேலே போனது.

"ஐம்பத்தொன்பது."

"அன்ரி, வெண்டிட்டீங்கள். காணும், இருங்கோ" என்றார் வழிகாட்டி.

"அப்ப மிச்சத்தை ஆர் ஏறுறது?"

தொண்ணூற்றாறு வரைக்கும் எண்ணினாள். நான் முப்பத்தேழில் நின்றேன்.

மேலிருந்து குரல் வந்தது. "இஞ்சேருங்கோ."

"என்ன?"

"நீங்கள் கீறின படம் முழுக்க இஞ்ச கிடக்கு. வட்டம் வட்டமாக் கிடக்கு. ஒண்டுக்குள்ள தண்ணி, ஒண்டுக்குள்ள மாடு மேயுது. சிவப்புப் பென்சில் மட்டும்தான் இல்லை."

"எத்தனை வட்டம்?"

"வந்து எண்ணுங்கோ. எனக்கு உது தெரியாது."

"ஏலாதப்பா. தலை சுத்துது."

"கீழ பாக்காதேங்கோ. ரெண்டு பக்கமும் பிடியுங்கோ. ரெண்டு கையாலயும். பிடிச்சிட்டீங்களே? அப்ப நான் எண்ணுறன், நீங்கள் காலை வையுங்கோ. முப்பத்தெட்டு."

கண்ணை மூடினேன். வலக்கையை வலப்பக்கக் கைப்பிடியில் வைத்தேன். இரண்டு பக்கமும் பிடித்ததும் உடம்புக்குள் இருந்த ஆட்டம் சட்டென்று குறைந்தது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அவள் மேலிருந்து எண்ணினாள். நான் கீழிருந்து வைத்தேன். எழுபத்தொன்றை அவள் இரண்டு தடவை சொன்னாள். நான் திருத்தவில்லை.

மேலே காற்று அடித்தது. கண்ணைத் திறந்தேன். நான்கு திசையிலும் நிலம் குழிந்தும் எழும்பியும் கிடந்தது. வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினார்: அந்தக் கூம்பு, இந்தக் குழி, அந்தப் புல்வெளி முழுவதும் ஒரு காலத்தில் ஏரி. மஞ்சள் கடுகு வயல் ஒன்று ஓர் எரிமலை வாயின் விளிம்பு வரைக்கும் போய் வட்டமாக வளைந்து நின்றது. பழைய வாய்க்குள் பசுக்கள் சிறு புள்ளிகளாக நின்று மேய்ந்தன. நான் வட்டங்களை எண்ணினேன். ஏழு. திரும்ப எண்ணினேன். எட்டு. கொப்பியில் மிச்சம் பதினொரு கேள்விகள் இருந்தன. ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அங்கிள், கேள்வி?" என்றார் வழிகாட்டி.

"இல்லை."

"அப்ப இண்டைக்கு எனக்கு லாபம்."

இறங்கும்போது மனைவி எனக்கு முன்னால் போனாள், நேராக, நடுப்படியால். ஐந்தாவது வளைவில் நின்று, திரும்பாமல் சொன்னாள்: "இப்பிடி ரெண்டு பக்கமும் பிடி இருந்தால் நான் வீட்டிலயும் இறங்குவன். அங்க ஒரு பக்கம்தானே. இறங்கேக்க நோகிற கால் பக்கம் வெறும் சுவர்."

நான் நின்றுவிட்டேன். வீட்டின் ஐம்பத்தெட்டுப் படியும் எனக்கு மனப்பாடம். எந்தப் படியில் விளிம்பு உடைந்திருக்கிறது, எந்த வளைவில் விளக்கு மங்கல், அவள் எந்தப் படியில் எத்தனை செக்கன் நிற்கிறாள், எல்லாம் தெரியும். கைப்பிடிகளை நான் எண்ணவில்லை.

"ஏன் முந்தியே சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டது எத்தனை படி எண்டுதானே."

கீழே தடியை வழிகாட்டி பற்றைக்குள் தேடி எடுத்தார். பக்கத்துக் கிராமத்துக் கபே ஒன்றில் கோப்பி குடித்தோம். அங்கிருந்தே மகனுக்கு அழைத்தேன். ஞாயிறு மாலை வரைக்கும் நேரம் இருந்தது. ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, திரும்ப விழுந்தால்?" என்றான்.

"சுவர்ப் பக்கம் ஒரு கைப்பிடி போடப் போறன். கீழ இருந்து மூண்டாம் மாடி வரைக்கும். வீட்டுக்காரனுக்குத் திங்கட்கிழமை ஆன்ட்ராக் எழுதுறன்."

"அம்மா உண்மையா ஏறினவவோ?"

"தொண்ணூற்றாறு."

"நீங்கள்?"

மனைவி கேக்கை முள்ளுக்கரண்டியால் வெட்டியபடி, அவனுக்குக் கேட்கும் சத்தத்தில் சொன்னாள்: "அப்பா முப்பத்தேழில நிண்டவர் எண்டு சொல்லுங்கோ. தரைத்தளம் அவருக்கு வேணுமெண்டால் அவர் வரட்டும், நான் லீவுக்கு வாறன்."

வழிகாட்டி கோப்பியை மூக்கால் விட்டார்.

மகன், கைப்பிடியை ஒரு தச்சனைக் கொண்டு போடுங்கோ, நீங்களே ஆணி அடிக்க வெளிக்கிட வேண்டாம் என்றான். அந்தத் தரைத்தள வீட்டை அன்றிரவே வேண்டாம் என்று எழுதிவிட்டான்.

ஆன்ட்ராக் என்ற அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வர இருபத்துமூன்று நாள் ஆயிற்று. செலவு எங்களுடையது என்றால் ஆட்சேபம் இல்லை என்று இருந்தது. ஜூலையில் தச்சர் வந்து, ஓக் மரத்தில், வளைவுகளில் விட்டுப்போகாமல், மூன்று மாடிக்கும் போட்டார். முதலில் அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவள் இரண்டாம் மாடித் துருக்கிக்காரி. கையில் எங்கள் பாத்திரம். மறுநாள் மனைவி தொங்கு ரயில் பிடிக்க இறங்கினாள். நேராக, இரண்டு கையும் இரண்டு பக்கம். மூன்று நிமிடம் ஐந்து செக்கன். நான் அவளுக்கு முன்னால் போகவில்லை, பின்னால் போனேன். என் இரண்டு கையும் இரண்டு பக்கம்.

வழிகாட்டிக்கு இருநூற்றுத் தொண்ணூறு, கோபுரத்தில் நான் நின்ற மேலதிக மணித்தியாலத்துக்கு முப்பத்தைந்து, கோப்பியும் கேக்கும் பத்தொன்பது அறுபது, வாகனத் தரிப்பு நான்கு, என் மேசையில் இப்போது இருக்கும் எரிமலைக் கல் துண்டு ஆறு ஐம்பது, மலசலகூடம் நான்கு தடவைக்கும் சேர்த்து இரண்டு. மை மணம் போகாத பிளாஸ்க்குக்குப் பதில் புதியது இருபத்துநான்கு தொண்ணூறு. கைப்பிடி, மரமும் கூலியும், ஆயிரத்து இருநூற்று அறுபத்தெட்டு நாற்பது. அந்த எரிமலை எனக்கு முடிவில் வைத்த செலவு, இரண்டு தடவை கூட்டிப் பார்த்தது, ஆயிரத்து அறுநூற்று ஐம்பது யூரோ நாற்பது சதம்.